வளர்ந்த பிள்ளைகளுடன் பிரிட்டனில் குளிர்கால விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வசிக்கும் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் ஊரிலிருந்து உறவினரோ நண்பரோ பிள்ளைகளுடன் வருவது வழக்கமாகிவிட்டது. பயணத்துக்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், 12 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து, அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கைக்குழந்தைகளோடு வருபவர்களின் தேவைகள் வேறு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கோடையை விட்டுவிட்டுக் குளிர்காலத்தில் வருவது சரியா?

பிள்ளைகள் வளர்ந்திருந்தால் சரி என்பதே என் எண்ணம். சிறு குழந்தைகளுக்குப் பூங்காவும் கடற்கரையும் வேண்டும். அவை குளிர்காலத்தில் கிடைப்பதில்லை. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்குப் பிடிப்பவையோ வேறு: அருங்காட்சியகம், நாடக அரங்கு, கால்பந்து ஆட்டம், இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் மின்னும் கடைத்தெரு, நட்சத்திரம் நிறைந்த வானம். இவற்றில் எதையும் குளிர் கெடுப்பதில்லை, சிலவற்றைக் கூட்டிக்கூடத் தருகிறது. அதோடு, ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் தங்குமிடக் கட்டணம் கோடையைவிட நன்றாகக் குறைந்திருக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே ஏற்றுக்கொண்டு வர வேண்டும். இங்கே குளிரைவிடப் பெரிய தட்டுப்பாடு வெளிச்சம். பணத்தைக் கணக்கிடுவதுபோலப் பகலையும் கணக்கிட்டுத் திட்டமிட்ட குடும்பங்கள் மகிழ்ச்சியோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் போடுவதுபோலக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று அடுக்கிக்கொண்டு வந்தவர்கள் மூன்றாம் நாளே சோர்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

பகல் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கும்?

டிசம்பர் 21 அன்று லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குச் சற்றுப் பின் எழுந்து, மாலை 4 மணிக்குச் சற்று முன் மறைந்துவிடும். பகல் 8 மணி நேரம்கூட முழுமையாக இல்லை. எடின்பரோவில் ஏறத்தாழ 7 மணி நேரம், இன்வர்னஸ் பக்கம் அதற்கும் குறைவு. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், இந்த வேறுபாட்டை எண்ணாகப் படித்துவிட்டு வருபவர்களும் நேரில் திகைத்துத்தான் போகிறார்கள். மேகம் மூடிய நாளில் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

இதனால் எழும் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், கோட்டைகளும் பழம்பெரும் மாளிகைகளும் குளிர்காலத்தில் பெரும்பாலும் 4 மணிக்கே மூடிவிடும்; கடைசி அனுமதி அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே முடிந்துவிடும். சில இடங்கள் வார இறுதியில் மட்டுமே திறக்கும். சில மார்ச் வரை திறப்பதே இல்லை. என் தம்பி குடும்பத்தோடு ஒருமுறை மதிய உணவை நிதானமாக முடித்துக்கொண்டு மூன்றேகாலுக்கு ஒரு கோட்டை வாசலில் போய் நின்றோம். கதவு திறந்திருந்தும் உள்ளே விடவில்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுதான்: வெளியில் பார்க்க வேண்டியதைக் காலை 9 மணி முதல் 2 மணிக்குள் முடிப்பது, அதன் பிறகு கூரைக்குக் கீழே உள்ள ஒன்றுக்குப் போவது, இருட்டுக்கென்று தனியாக ஒரு திட்டம் வைத்துக்கொள்வது. ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும்.

அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு புதிரும் உண்டு. லண்டனில் சூரியன் மிக முன்னதாக மறையும் நாள் டிசம்பர் 21 அல்ல. அது அந்த மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். மிகத் தாமதமாக எழும் நாளோ மாதத்தின் கடைசியில்தான் வரும். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். என் அண்ணன் மகள் புவியின் சாய்வையும் அதன் நீள்வட்டப் பாதையையும் தாளில் வரைந்து விளக்கி முடித்தபோது எங்கள் ரயில் யார்க்கை அடைந்திருந்தது.

எந்த வாரத்தில் வருவது நல்லது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் விழுகிறது. பிரிட்டனில் பாதி நாடு அடைத்துக் கிடக்கும் வாரமும் அதுதான். வேறு வழியில்லாதவர்கள் அந்த வாரத்திலேயே வரலாம். ஆனால் அடுத்த பதிலைக் கவனமாகப் படித்துவிட்டு வர வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். அங்கே ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுவதால், டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் வந்தால் தெரு விளக்குகள், கிறிஸ்துமஸ் சந்தைகள், நாடகங்கள் எல்லாம் இருக்கும், அடைப்பு இருக்காது, பிரிட்டன் பள்ளிகளும் நடந்துகொண்டிருப்பதால் கூட்டமும் குறைவாக இருக்கும்.

பிள்ளைகளின் பள்ளி ஒரு வாரம் விடுப்புத் தருமானால் பிப்ரவரித் தொடக்கத்தையும் யோசிக்கலாம். அம்மாத நடுவில் லண்டனில் பகல் ஏறத்தாழ 10 மணி நேரமாக வளர்ந்திருக்கும், பூங்காக்களில் பனித்துளி மலர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். ஆனால் பிப்ரவரி நடுவில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு ஒரு வார இடைவிடுமுறை வரும். அந்த வாரத்தில் மட்டும் அருங்காட்சியகங்கள் நிரம்பி வழியும், கட்டணங்களும் ஏறும். அதற்கு முன்பே வந்து போய்விடுங்கள்.

கிறிஸ்துமஸ் நாளில் எல்லாமே மூடியிருக்கும் என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. டிசம்பர் 25 அன்று நாட்டில் எங்கும் ரயில் ஓடாது. லண்டனில் சுரங்க ரயிலும் இல்லை, நகரப் பேருந்தும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மூலைக்கடைகள் சில திறந்திருக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் 24, 25, 26 ஆகிய மூன்று நாட்களும் மூடியிருக்கும். சில புத்தாண்டு நாளிலும் திறப்பதில்லை. 26ஆம் தேதி பெரும்பாலான தடங்களில் ரயில் ஓடாது. அதற்கு அடுத்த நாட்களில் தண்டவாளப் பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்வதால் சில முதன்மைத் தடங்களே அடைபடும். ஸ்காட்லாந்தில் ஜனவரி 2ஆம் தேதியும் பொது விடுமுறை.

ஆகவே 25ஆம் தேதி விமானத்தில் வந்து இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். பயணச்சீட்டு அன்று மலிவாகத் தோன்றலாம். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர வாடகைக் காரையோ ஓடுகிற ஓரிரு தொலைதூரப் பேருந்துகளையோ நம்ப வேண்டியிருக்கும்போது அந்த மிச்சம் கரைந்துவிடும். 24ஆம் தேதி மாலைக்குள் ஊர் ஊராகச் சுற்றுவதை நிறுத்தி, ஓரிடத்தில் தங்கி, இரண்டு நாளுக்கான பாலும் ரொட்டியும் காய்கறியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று கடைகளும் வழக்கத்தைவிட முன்னதாகவே மூடிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த நாளை நான் மிகவும் விரும்புகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ஓயாத லண்டன் அன்று ஒரு நாள்தான் வெறிச்சென்று இருக்கும். நடக்கும் தூரத்தில் தங்கியிருந்தால், டவர் பாலத்திலிருந்து தேம்ஸ் கரையோரமாகவே வெஸ்ட்மின்ஸ்டர் வரை நடக்கலாம். ஹைடு பூங்காவின் செர்பென்டைன் ஏரியில் 1864 முதல் கிறிஸ்துமஸ் காலையில் ஒரு நீச்சல் போட்டி நடக்கிறது. நீந்துவது அதை நடத்தும் நீச்சல் சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டுமே என்றாலும், கரையில் நின்று யாரும் பார்க்கலாம். உறையவைக்கும் நீரில் எழுபது வயதுக்காரர்கள் குதிப்பதைக் கண்ட பிள்ளைகள் அதன் பிறகு குளிரைப் பற்றிக் குறைவாகவே முறையிடுகிறார்கள். மதியம் 3 மணிக்கு அரசரின் உரை ஒளிபரப்பாகும். 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கிவைத்த வழக்கம் அது. உரை முடிந்து சற்று நேரத்தில் வெளியே இருட்டத் தொடங்கிவிடும்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பார்வையாளர் விசா எடுக்க வேண்டும். பயண நாளுக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 3 வாரத்தில் முடிவு வரும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். டிசம்பர் இறுதியில் பயணம் என்றால் அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நிம்மதி. பிள்ளைகள் பெற்றோரில் ஒருவருடன் மட்டுமோ, தாத்தா பாட்டியுடனோ வந்தால், மற்றவரின் அல்லது பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். எல்லையில் கேட்பதற்கு வாய்ப்பு உண்டு. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் மின்னணுப் பயண அனுமதியைப் பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவரும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

பத்து நாளில் எத்தனை ஊர்களைப் பார்க்கலாம்?

மூன்று. லண்டனில் நான்கு அல்லது ஐந்து இரவு, யார்க்கில் இரண்டு, எடின்பரோவில் மூன்று என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே ரயில் தடத்தில் அமைந்துவிடும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் ஏறத்தாழ 2 மணி நேரம். அங்கிருந்து எடின்பரோ இரண்டரை மணி நேரம். லண்டனிலிருந்து யார்க் செல்லும் பயணத்தை மாலை 4 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சன்னல் வழியே பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பகல் மிச்சமாகும். யார்க்கிலிருந்து எடின்பரோ செல்லும் பயணத்தை மட்டும் கட்டாயம் பகலில், ரயில் போகும் திசையில் வலப்பக்க இருக்கைகளில் அமர்ந்து செய்யுங்கள். டர்ஹாம் பேராலயம் வலப்பக்கம் குன்றின்மேல் தெரிந்து மறைந்த பிறகு, நார்தம்பர்லாந்தின் கடற்கரையும் அதே பக்கம் நெடுந்தூரம் கூடவே வரும்.

யார்க், வளர்ந்த பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோன்ற சிறிய நகரம். தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி எஞ்சினுக்கான உலகச் சாதனை படைத்த மல்லார்டு நிற்கிறது, அனுமதி இலவசம். யார்விக் மையத்தில், 1970களின் அகழாய்வில் கிடைத்த வைக்கிங் குடியிருப்பை அதே இடத்தில் வாசனையோடு மீட்டமைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மனித மலத்தின் கல்லான எச்சம் ஒன்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன்களை அந்தப் பெட்டியிடமிருந்து பிரிப்பது எளிதன்று.

எடின்பரோவில் 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் சீட் என்னும் அணைந்த எரிமலைமீது தெளிவான காலைப்பொழுதில் ஏறலாம்; பாறையில் பனி உறைந்திருந்தால் ஏற வேண்டாம். ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில், 1996இல் பிறந்த குளோனிங் செம்மறியாடு டாலி பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. உயிரியல் படிக்கும் பிள்ளைகளைப் பாடநூலில் பார்த்த ஒரு பெயரின் எதிரில் கொண்டுபோய் நிறுத்துவது எப்போதும் பலன் தருகிறது.

வடக்கே அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் மாற்று, மேற்குப் பக்கம். பாத் நகரின் ரோமானியக் குளியலகத்தில் 46 பாகை வெப்பமுள்ள ஊற்றுநீரிலிருந்து எழும் ஆவி குளிர்காலத்தில்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதன் பிறகு தெற்கு வேல்ஸின் பிளேனாவோனில் உள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம். என் கணிப்பில், பதின்பருவப் பிள்ளைகளுக்கு இந்த நாடு காட்டும் சிறந்த இடங்களில் அது ஒன்று. தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு, கூண்டில் 90 மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுவார்கள். தீப்பொறி அபாயத்துக்கான பழைய விதிகள் இன்றும் நடைமுறையில் இருப்பதால், கைபேசி, கடிகாரம் என மின்கலம் உள்ள எதையும் மேலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லும் தருணத்தில், பத்து வயதுச் சிறுவர்கள் இப்படிப்பட்ட இருளில் உட்கார்ந்து காற்றுக்கதவைத் திறந்து மூடிய கதையைச் சொல்வார். என்னுடன் வந்த பிள்ளைகளில் யாரும் அதன் பிறகு மேலே வரும்வரை பேசவில்லை. மேலே எந்தக் காலநிலை இருந்தாலும் கீழே ஒன்றுதான்.

லண்டனில் எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாளை முழுமையாகக் கொடுத்து, எங்கே போவது, எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்பதை அவர்களே திட்டமிடும்படி விட்டுவிடுங்கள். பெரியவர்களின் வேலை, திறக்கும் நேரத்தைச் சரிபார்ப்பதோடு முடியட்டும். பதினாறு வயதில் ஒருவரை இழுத்துக்கொண்டு சுற்றுவதைவிட அவர் பின்னால் நடப்பது எளிது.

சில குறிப்புகள் மட்டும் தருகிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றில் பொது அனுமதி இலவசம் என்பதால், ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு மனநிறைவோடு வெளியேறலாம். கொடுத்த காசுக்காக நாள் முழுவதும் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் இலவசமே. அங்குள்ள யூதப் பேரழிவுக் காட்சிக்கூடத்தை 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அவர்களே பரிந்துரைப்பதில்லை, அந்த அறிவுரையை மதிப்பது நல்லது. கணிதத்திலோ கணினியிலோ ஆர்வம் இருந்தால் யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் பிளெட்ச்லி பார்க் போங்கள். இரண்டாம் உலகப் போரில் ஆலன் டூரிங் உள்ளிட்டோர் ஜெர்மானிய மறைகுறிகளை உடைத்த குடில்கள் குளிர்காலத்தில் பார்க்கும்போதுதான் உண்மையாகத் தோன்றுகின்றன.

டிசம்பரில் வருபவர்கள் பான்டோமைம் நாடகம் ஒன்றையும் பார்க்கலாம். பெயரைக் கேட்டு ஊமைக்கூத்து என்று எண்ணிவிட வேண்டாம்; பார்வையாளர்கள் கூச்சலிட்டு நடிகருக்குப் பதில் சொல்லும், ஆண் நடிகர் பெண் வேடம் கட்டும் ஆரவாரமான நாடகம் அது. நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தோடு வம்பளப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். கால்பந்துக்கு, முதல்நிலை அணிகளின் சீட்டு கிடைப்பது கடினம். கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடும் லண்டன் அணி ஒன்றின் ஆட்டத்துக்குச் சீட்டு எளிதாகக் கிடைக்கும், ஆடுகளத்துக்கு மிக அருகில் அமரவும் முடியும்.

பனிப்பொழிவைப் பார்க்க முடியுமா?

வாக்குக் கொடுக்காதீர்கள். அட்லான்டிக் பெருங்கடலிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்று இந்தத் தீவை அதன் அட்சரேகைக்கு ஒவ்வாத அளவுக்கு வெதுவெதுப்பாக வைத்திருப்பதால், லண்டனில் டிசம்பர், ஜனவரிப் பகல்களில் வெப்பம் பெரும்பாலும் 5 முதல் 9 பாகைக்குள் இருக்கும். வானத்திலிருந்து விழுவது மழைதான். பொதுவாக டிசம்பரைவிட ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பனிக்கு வாய்ப்பு கூடுதல். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைப்பகுதியில் பனிச்சறுக்குத் தளங்கள் இருந்தாலும், காற்றும் திடீர் உருகலும் அவற்றை அடிக்கடி மூடிவிடும். சறுக்குவதையே நோக்கமாகக் கொண்ட விடுமுறைக்கு இந்த நாடு ஏற்றதன்று. அந்த மலையில் 1952இல் வட ஐரோப்பாவின் சாமி என்னும் பழங்குடி இனத்தவர் ஒருவர் கொண்டுவந்து விட்ட கலைமான்களின் வழிவந்த மந்தை இன்றும் மேய்கிறது. வழிகாட்டியோடு சென்று பார்க்கலாம்.

என்னென்ன உடை எடுத்துவர வேண்டும்?

ஒரே ஒரு தடித்த கோட்டை நம்பி வருவது பொதுவாக நடக்கும் தவறு. கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் வெப்பமூட்டியிருப்பார்கள். வெளியே ஈரக்காற்று அடிக்கும். ஒரு நாளில் இருபது முறை கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத, தலைமூடி உள்ள மேலங்கி என அடுக்கடுக்காக அணிவதே சிறந்தது. நடக்கும்போது ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுவதும் காயாது. குடை காற்றில் முறிந்துபோகும். பெரிதும் செலவழிக்க வேண்டியது காலணிக்குத்தான்: நீர் புகாததாக, அடிப்பாகம் வழுக்காததாக, கம்பளிக் காலுறைக்கு இடம் விடும்படி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். அதை ஊரிலேயே வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பழகிவிட வேண்டும். தெர்மலும் தொப்பியும் கையுறையும் இங்கே வந்து மலிவுக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு சேராத மேலங்கியைப் புதிதாக வாங்குவதற்குப் பதில், எல்லா ஊரின் கடைத்தெருவிலும் இருக்கும் தொண்டு நிறுவனங்களின் பழம்பொருள் கடைகளில் தேடிப் பாருங்கள்.

ரயிலா, காரா?

நகரங்களுக்கு ரயில், மலைப்பகுதிக்குக் கார். ரயிலில் 5 முதல் 15 வயதுவரை அரைக்கட்டணம். 16 ஆனதும் முழுக்கட்டணம். குடும்பத்தில் 15 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையாவது இருந்தால் குடும்ப ரயில் சலுகை அட்டையை வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 விழுக்காடும் குறையும். பதினாறு தாண்டிய பிள்ளையும் அதே அட்டையில் பெரியவராகச் சேர்ந்து சலுகை பெறலாம். லண்டன் எடின்பரோ போன்ற ஒரே நீண்ட பயணத்திலேயே அட்டையின் விலை பெரும்பாலும் திரும்பிவிடும். நெடுந்தூரச் சீட்டுகள் முன்கூட்டியே வாங்கினால் மிக மலிவு. ஆனால் கிறிஸ்துமஸ் காலத்துக் கால அட்டவணை தாமதமாகவே உறுதியாகும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லண்டனுக்குள் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் ஆய்ஸ்டர் என்னும் பயணக் கட்டண அட்டையில், நிலைய ஊழியரிடம் கேட்டு இளம் பார்வையாளர் சலுகையை ஏற்றிக்கொண்டால் 14 நாள்வரை அரைக்கட்டணத்தில் பயணம் செய்யலாம். பலர் இதைக் கேட்காமலேயே முழுக்கட்டணம் செலுத்திவிடுகிறார்கள்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு ஓராண்டுவரை இங்கே கார் ஓட்டலாம்; நம் ஊர்போலவே இடப்பக்கப் போக்குவரத்துதான். ஆனால் கிராமப்புறத்து ஒற்றைத் தடச் சாலையில், இருட்டில், மழையில், சாலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் பனிப்படலத்தில் ஓட்டுவது வேறு கலை. 3 மணிக்கு மேல் புதிய இடத்துக்குக் காரில் கிளம்புவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

விடுதிகளின் குடும்ப அறைகள் பலவும் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கே. அதற்கு மேற்பட்டவர் இருந்தால் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும். அப்போது சமையலறையோடு கூடிய வாடகை வீடே கட்டுப்படியாகும். அங்கே துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா, வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடக்கமா என்ற இரண்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

படுக்கையைப் பற்றி ஒரு சொல். 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த கணிதமேதை ராமானுஜன், மேலங்கியையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் இரவில் குளிரில் நடுங்கியிருக்கிறார். மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டிருந்த கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை நண்பர் மஹலானோபிஸ் காட்டிக்கொடுத்த பிறகே அவருக்கு அது தெரிந்தது. விடுதிகளில் இன்றும் விரிப்பை அப்படித்தான் இறுகச் செருகி வைக்கிறார்கள். கேம்பிரிட்ஜுக்குப் போகும் குடும்பங்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியே அனுப்புகிறேன். தனியாக, இருபத்தாறு வயதில், அந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்த ஒருவரை நினைத்துக்கொண்டு டிரினிட்டி கல்லூரியின் முன்னால் நிற்பது வேறு அனுபவம்.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாக. எல்லா உணவகத்திலும் சைவப் பண்டம் உண்டு, கடைப் பொட்டலங்களில் குறியும் உண்டு. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி பக்கம் இட்லி, தோசையே கிடைக்கும். ஆனால் குளிர்காலத்துக்கென்று சில கண்ணிகள் இருக்கின்றன. பழைய முறையில் செய்த கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் மின்ஸ் பையிலும் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். யார்க்‌ஷயர் பக்கத்து மீன்கடைகள் பலவற்றில் உருளைக்கிழங்கு வறுவலையே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். சூடான சாக்லேட்டின்மேல் மிதக்கும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும். ஹலால் பார்ப்பவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

மாலை 4 மணிக்கே இருட்டிவிட்டால் பிள்ளைகள் அறைக்குள் கைபேசியோடு முடங்கிவிட மாட்டார்களா?

இருட்டுக்கென்று ஒன்றைத் திட்டமிடாவிட்டால் அப்படித்தான் ஆகும். இந்த நாட்டின் குளிர்காலத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி, பகலும் இருளும் சந்திக்கும் அரைமணி நேரத்தில் நடப்பது. சாமர்செட் சதுப்பு நிலத்தில், கிளாஸ்டன்பரிக்கு அருகே ஹாம் வால் என்னுமிடத்தில், நவம்பர் முதல் ஜனவரிவரை மாலையில் பல்லாயிரம் சூறைக்குருவிகள் ஒன்றுசேர்ந்து புகை நெளிவதுபோல வானத்தில் வடிவம் மாறி மாறிப் பறந்து, ஒரே நொடியில் நாணலுக்குள் இறங்கிவிடும். நம் ஊரில் சோளக்கொல்லைமேல் மைனாக் கூட்டம் திரும்புவதைப் பார்த்தவர்களும் இதைக் கண்டு வாயடைத்து நிற்பார்கள். அதன் பிறகு இருட்டு முழுமையாகும்போது, ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில் இருந்தால், நட்சத்திரங்கள். நார்தம்பர்லாந்தும் வேல்ஸின் பிரெக்கன் மலைப்பகுதியும் 2013இல் இருண்ட வானப் பகுதிகளாக அங்கீகரிக்கப்பட்டவை. கோடையில் இங்கே நட்சத்திரம் பார்க்க நள்ளிரவுவரை விழித்திருக்க வேண்டும். டிசம்பரில் இரவு உணவுக்கு முன்பே பார்த்துவிடலாம். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்பொழிவும் உச்சம் அடையும்.

பதினைந்து, பதினாறு வயதினரை நகரத்தில் இரண்டு மணி நேரம் தனியே விடவும் தயங்க வேண்டாம். சந்திக்கும் இடத்தைக் கட்டடத்துக்குள், குறிப்பிட்ட ஒரு கதவருகே என்று சொல்லிவையுங்கள். குளிரில் தெருமுனையில் காத்து நிற்பது எல்லோருடைய பொறுமையையும் கெடுத்துவிடும். திருட்டைத் தவிர்க்க, நடைபாதை விளிம்பில் நின்று கைபேசியை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

உடல்நலக் காப்பீடு தேவையா?

கட்டாயம் தேவை. அவசரப் பிரிவில் உடனடிச் சிகிச்சை இலவசம். மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்குவார்கள், அது மிகவும் அதிகம். உயிருக்கு ஆபத்தென்றால் 999, மற்றபடி ஆலோசனைக்கு 111.

எதை முன்பதிவு செய்ய வேண்டும், எதை விட்டுவைக்கலாம்?

25ஆம் தேதி மதிய உணவை உணவகத்தில் சாப்பிடுவதாக இருந்தால் நவம்பருக்குள் பதிவு செய்தாக வேண்டும். புத்தாண்டு இரவில் எடின்பரோவில் தங்க விரும்பினால் இன்னும் முன்பே அறையைப் பிடியுங்கள்; ஆனால் 2024இன் கடைசி இரவில் பலத்த காற்றினால் அங்கே தெருவிழாவும் வாணவேடிக்கையும் கைவிடப்பட்டன என்பதையும் நினைவில் வைத்து, அதை மட்டுமே நம்பிப் பயணத்தை அமைக்காதீர்கள். நாடகச் சீட்டு, நெடுந்தூர ரயில், தங்குமிடம் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டு, மலை, கடற்கரை, வானம் தொடர்பான எதையும் தேதி குறிக்காமல் விட்டுவையுங்கள். முந்தைய நாள் மாலையில் வானிலை அறிவிப்பைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். வெயில் என்றால் வெளியே, மழை என்றால் அருங்காட்சியகம். தெளிந்த வானத்தோடு உறைபனி விழுந்த காலைப்பொழுது ஒன்று வாய்த்துவிட்டால், அன்றைக்கு என்ன திட்டம் இருந்தாலும் ஒதுக்கிவைத்துவிட்டு எல்லோரையும் எழுப்பி வெளியே அழைத்துப் போங்கள். பத்தரை மணிக்குள் அது கரைந்துவிடும்.